அடையாள அட்டையின் கடைசி எழுத்து

கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்து முதலமைச்சர் டானியல் ஸ்மித் 2025 செப்டம்பரில் ஓர் அறிவித்தல் விடுத்தார். அம்மாகாணம் வழங்கும் சாரதி அனுமதிப்பத்திரத்திலும் அடையாள அட்டையிலும், வைத்திருப்பவர் கனடியப் பிரஜையாயின், கனடாவைக் குறிக்கும் மூன்று ஆங்கில எழுத்துகள் அச்சிடப்படும். பிரஜையல்லாதவரின் அட்டையில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். 2026 இல் இது தொடங்கும் என்றார்கள். சொல்லப்பட்ட காரணங்கள் இரண்டு. கல்வி உதவி, சுகாதார நலன்கள் போன்றவற்றுக்கு விண்ணப்பிக்கும்போது வேலை இலகுவாகும் என்பது ஒன்று. தேர்தலில் பிரஜையல்லாதோர் வாக்களிப்பதைத் தடுக்கலாம் என்பது மற்றது.

எமது இலக்கிய வட்டத்துச் சந்திப்பொன்றில் இந்தச் செய்தி பேச்சாயிற்று. கதைத்தவர்களில் பெரும்பாலானோர் இதில் பிழையொன்றும் காணவில்லை. "களவெடுக்காதவனுக்குப் பொலிசைக் கண்டு என்ன பயம்?" என்றார் ஒருவர். நல்ல சிறுகதைகள் எழுதியவர், எனது மதிப்புக்குரியவர். அங்கேயே குடியேறிப் பிரஜாவுரிமையும் பெற்றுவிட்ட இன்னொரு நண்பர், தனது அட்டையில் நல்ல எழுத்துத்தான் விழும் என்று சொல்லிச் சிரித்தார். மூன்றாமவர் ஒரு படி மேலே போய், எமது நாட்டிலும் இப்படி ஒரு முறை வர வேண்டும் என்றார். அதுதான் என்னை எழுத வைத்தது.

வர வேண்டுமாம். அது வந்து, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எமது சட்டைப் பையிலும் கைப்பையிலும் கிடந்து, போயும் விட்டது. படித்தவர்கள், அதிலும் எழுதுகிறவர்கள், அதைக் கவனிக்கவேயில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

பழைய தேசிய அடையாள அட்டை பலரிடம் இன்னும் இருக்கிறது. எடுத்துப் பாருங்கள். ஒன்பது இலக்கங்கள், அவற்றின் முடிவில் ஓர் ஆங்கில எழுத்து. முதல் இரண்டு இலக்கங்களும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தீர்கள் என்பது. பெண்ணாயின் அத்துடன் 500 கூட்டப்பட்டிருக்கும். (எமது பெண் எழுத்தாளர்கள் வயதை மறைக்க எடுத்த பிரயத்தனமெல்லாம் இந்த ஐந்து இலக்கங்களுக்கு முன்னால் வீண்.) பிறகு தொடரிலக்கம் மூன்று, சரிபார்க்கும் இலக்கம் ஒன்று. கடைசியில் அந்த எழுத்து. உங்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் அது 'வீ'யாகவே இருக்கும். வாக்காளர் என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. வாக்குரிமையற்றவருக்கு, அதாவது அட்டைக்கு விண்ணப்பித்த காலத்தில் இந்நாட்டுப் பிரஜையாகக் கொள்ளப்படாதவருக்கு, அந்த இடத்தில் 'எக்ஸ்'. பள்ளிக்கூடத்துக் கொப்பியில் பிழையான விடைக்கு நாம் போடும் அதே குறி.

1956 இல் ஆங்கிலத்தை இறக்கிவிட்டுச் சிங்களத்தை மட்டும் அரியணை ஏற்றிய நாடு இது. அந்த நாடு 1972 முதல் விநியோகித்த அட்டையில், பிரஜையையும் பிரஜையல்லாதவனையும் பிரிக்கும் வேலைக்கு மட்டும் ஓர் ஆங்கில எழுத்தை வைத்துக்கொண்டது. சிங்களமும் தமிழும் தெரியாத எந்தத் துரை வாசிப்பதற்காகவோ!

அந்த 'எக்ஸ்' யாருக்கு விழுந்தது என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு விரிவாகச் சொல்லத் தேவையில்லை. ஆயினும் சில ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்ப்பது நல்லது. 1947 தேர்தலில் மலையகத்திலிருந்து இலங்கை இந்திய காங்கிரஸின் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றார்கள். தலவாக்கலையிலிருந்து சென்றவர் ஒரு கவிஞர், சி.வி. வேலுப்பிள்ளை. மறு ஆண்டே 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதற்கு முன் இந்த மண்ணில் பிறந்தவன் பிரஜையாக வேண்டுமாயின் அவனது தகப்பன் இங்கு பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பனின் தகப்பனும் அவனது தகப்பனும் இங்கு பிறந்திருக்க வேண்டும். லைன் அறையில் பிறந்தவனிடம் பாட்டனின் பிறப்புச் சான்றிதழைக் கேட்டது அந்தச் சட்டம். அதே கேள்வியை அன்றைய அமைச்சர்களிடம் கேட்டிருந்தால் எத்தனை பேர் காட்டியிருப்பார்களோ தெரியாது, அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. 1949 இல் வாக்குரிமையும் போயிற்று. பதிவின் மூலம் பிரஜாவுரிமை பெற எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். 1964 வரையில் அது கிடைத்தது ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவானோருக்கு. எஞ்சியோரை ஸ்ரீமாவும் சாஸ்திரியும் 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி பங்குபோட்டுக் கொண்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம். பத்தாண்டுகள் கழித்து அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். பங்குபோடப்பட்டவர்களிடம் எவரும் விருப்பம் கேட்கவில்லை.

இது தோட்டத்துப் பிரச்சினை, எமக்கென்ன என்று ஒதுங்கும் நம்மவர்கள், 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரையாவது முழுமையாக வாசிக்க வேண்டும். 'இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம்' என்பது அதன் பெயர். அந்தப் பாகிஸ்தான் அதற்குள் சும்மா வந்து உட்காரவில்லை. கொழும்பு புறக்கோட்டையிலும் மலையகப் பட்டினங்களிலும் கடை வைத்திருந்த இந்திய வம்சாவளி முஸ்லிம்களும் அந்த வலைக்குள்தான் இருந்தார்கள். 1971 வரையான குடிசனக் கணக்கெடுப்புகளில் இலங்கைச் சோனகர் வேறு, இந்தியச் சோனகர் வேறு. ஒரே பள்ளிவாசலில் ஒரே ஸப்பில் நின்றவர்களுக்கு நடுவே அரசாங்கம் கோடு கிழித்திருந்தது. எமது இலக்கியத்தில் அந்தக் கோட்டைப் பற்றி எத்தனை கதைகள் உண்டு? விரல்விட்டு எண்ணத் தொடங்கினால் ஒரு கையே அதிகம்.

சரி, இனி விவாதத்துக்கு வருவோம். எழுத்தை ஆதரிப்போரின் பலமான வாதம் தேர்தல் பற்றியது. பிரஜையல்லாதவன் வாக்களிக்கக் கூடாது. ஒப்புக்கொள்கிறேன். அதற்காக அட்டையில் எழுத்து வேண்டும் என்கிறார்கள். அங்கேதான் நான் முரண்படுகிறேன்.

நான் ஆசிரியனாகக் கடமையாற்றிய காலத்தில் மலையகத்தில் மூன்று தேர்தல்களில் வாக்களிப்பு நிலையக் கடமைக்குப் போயிருக்கிறேன். அந்த மேசையில் அமர்ந்தவர்களுக்கு நடைமுறை தெரியும். வருபவர் அட்டையைத் தருவார். முகத்தைப் பார்ப்போம், பெயரைப் பார்ப்போம், வாக்காளர் இடாப்பைப் பார்ப்போம். இடாப்பில் பெயர் இருந்தால் சத்தமாக வாசிப்போம், கோடிடுவோம், விரலில் மை பூசுவோம், வாக்குச் சீட்டைக் கொடுப்போம். பெயர் இல்லையானால் அவர் நாட்டின் பிரதம நீதியரசராக இருந்தாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த மேசையில் நான் ஒரு நாளும் கடைசி எழுத்தைத் தேடிப் பார்த்ததில்லை. பார்க்கும்படி எனக்கு எவரும் சொல்லவுமில்லை. வாக்காளர் யார் என்பதைத் தீர்மானிப்பது 1980 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருடந்தோறும் திருத்தப்படும் இடாப்பு. கிராம உத்தியோகத்தர் வீட்டுக்கு வீடு படிவம் கொடுத்து, ஆட்சேபனைக்கு நாள் கொடுத்து, தயாரிக்கப்படுவது அது. பிரஜையா இல்லையா என்ற கேள்வி கேட்கப்பட வேண்டிய இடம் அங்கே. கேட்கப்படுவதும் அங்கேதான்.

எழுத்து வாக்கைத் தரவுமில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட எமது மக்களின் அட்டைகளில் இருந்தது 'வீ'தானே? அட்டையைக்கூட எடுத்துக்கொள்ள அவகாசமின்றி வெளியேறியவர்கள் பலர். அதை விடுவோம், அட்டையோடு வந்தவர்களுக்காவது அந்த 'வீ' என்ன செய்தது? புத்தளத்து முகாமில் இருந்துகொண்டு மன்னாரில் பதிவதா, புத்தளத்தில் பதிவதா, இரண்டிலும் இல்லாமற் போவதா என்று அவர்கள் ஆண்டுக்கணக்காக அல்லாடினார்கள். இடம்பெயர்ந்தோர் தமது பழைய இடத்தில் பதிவதற்கென்று 2013 இல் விசேட ஏற்பாட்டுச் சட்டமொன்று கொண்டுவர வேண்டியிருந்தது. வாக்காளர் என்று அட்டையில் அச்சிட்டிருந்தது. வாக்கு இடாப்பில் இல்லை. எது பெறுமதி என்பதை இதற்கு மேல் எப்படி விளக்குவது?

மாறான உதாரணமும் உண்டு. இராஜாங்க அமைச்சராகவே இருந்த ஒருவர் இலங்கைப் பிரஜையல்லர், பாராளுமன்றத்தில் அமரத் தகுதியற்றவர் என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அட்டையைப் பார்த்துத் தெரிந்துகொண்ட விடயமல்ல அது. கோவைகளைத் திறந்து, சட்டத்தைப் புரட்டி, வாதப் பிரதிவாதங்களைக் கேட்டு முடிவு செய்தார்கள். பிரஜாவுரிமை அத்தகையது. அது சட்டத்துக்கும் ஆளுக்கும் இடையிலான ஓர் உறவு. மாறும், சேரும், இழக்கப்படும், மீளப் பெறப்படும். அட்டையோ அச்சிட்ட நாளோடு நின்றுவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலான சாட்சி 2016. அவ்வாண்டு ஜனவரி முதல் புதிய அட்டைகளுக்குப் பன்னிரண்டு இலக்கங்கள் வழங்கப்பட்டன. பிறந்த ஆண்டு நான்கு இலக்கமாயிற்று, தொடரிலக்கம் நீண்டது, கடைசி எழுத்து காணாமற் போனது. அதைப் பற்றி நான் ஒரு தலையங்கமும் படித்ததில்லை, ஒரு கவிதையும் படித்ததில்லை. அதற்குப் பிறகு 2018 இல் உள்ளூராட்சித் தேர்தல், 2019 இல் ஜனாதிபதித் தேர்தல், 2020 இல் பொதுத் தேர்தல், 2024 இல் இரண்டும், 2025 இல் மீண்டும் உள்ளூராட்சி. எழுத்தில்லாத அட்டையோடு இளைஞர்கள் வரிசையில் நின்றார்கள், வாக்களித்தார்கள், போனார்கள். வானம் இடிந்து விழவில்லை. எழுத்துத்தான் தேர்தலைக் காத்தது என்றால், அது போன பிறகு தேர்தல் கெட்டிருக்க வேண்டுமே!

அப்படியாயின் அந்த எழுத்து இத்தனை காலமும் எங்கே வேலை செய்தது? அதற்குச் சம்பந்தமேயில்லாத இடங்களில் வேலை செய்தது.

அந்த எழுத்து அட்டையின் ஒரு மூலையில் தனியாக நின்றிருந்தால்கூட ஓரளவு பொறுத்திருக்கலாம். அது இலக்கத்தின் வாலாக இருந்தது. இலக்கத்தை எங்கெல்லாம் எழுதினோமோ அங்கெல்லாம் அதுவும் கூடவே வந்தது. வங்கிப் படிவத்தில், தொலைபேசி இணைப்புக்கான விண்ணப்பத்தில், காணி உறுதியில், பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கும் பத்திரத்தில், தங்குவிடுதிப் பதிவேட்டில். சாரதி அனுமதிப்பத்திரத்திலும் அடையாள அட்டை இலக்கம் அச்சிடப்படுவதால் அதிலும் ஏறிக்கொண்டது. மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியுமா, எந்தெந்த வாகனம் ஓட்டலாம் என்று சொல்வதற்கு ஏற்பட்ட அட்டை, உன் பாட்டன் எங்கே பிறந்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிற்று. வீதியில் மறித்த பொலிஸ்காரருக்கு அது எதற்கு?

2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வந்து, 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினரும் அவர்களது சந்ததியினரும் பிரஜைகளாயினர். அதற்குச் சில காலத்தின் பின் நடந்த ஒரு சங்கதி. எனது மாணவன் ஒருவனின் தகப்பன், தோட்டத் தொழிலாளி, மனைவியின் தோட்டை அடகு வைக்க டவுனுக்குப் போயிருந்தார். மகனுக்குப் பரீட்சைக் கட்டணமும் சப்பாத்தும். அவரது அட்டை எண்பதுகளில் எடுத்தது, தோட்டத் துரை அத்தாட்சிப்படுத்தியது. அதன் வாலில் 'எக்ஸ்'. அடகுக் கருமபீடத்தில் இருந்த இளைஞன் நகையை உரசிப் பார்த்தான், நிறுத்தான், விலை சொன்னான். பிறகு அட்டையைப் பார்த்துவிட்டு "இந்தியாவா?" என்றான். உள்ளூர்க்காரர் ஒருவரைப் பிணை கூட்டி வரச் சொன்னான். அன்றைக்கு எனது வகுப்பறை வாசலில் வந்து நின்ற அந்த மனிதர் அழவில்லை, கோபப்படவுமில்லை. "சேர், நான் பொறந்ததிலருந்து நுவரெலியாவத் தாண்டிப் போனதில்ல. அந்தத் தம்பி எந்தூருன்னு நான் கேக்கல" என்றார். நான் அவருடன் போனேன். ஐந்து நிமிடத்தில் காசு கிடைத்தது.

அந்த இளைஞன் துவேஷம் பிடித்தவன் அல்லன். என்னை மரியாதையாகவே நடத்தினான். பிணை கேட்கும்படி அவனுக்கு எந்தச் சட்டமும் சொல்லவில்லை, அவனது நிறுவனத்து விதியும் சொல்லியிருக்காது. அட்டைதான் அவனுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது. தங்கத்தை உரசிப் பார்க்கத் தெரிந்தவனை, மனிதனையும் உரசிப் பார்க்க உட்கார வைத்தது. கவனியுங்கள், சட்டப்படி அந்தத் தகப்பன் அன்றைக்கு முழுப் பிரஜை. நாடாளுமன்றம் ஏகமனதாகச் செய்து முடித்ததை, பிளாஸ்டிக்கில் பொதிந்த ஒரு கடதாசித் துண்டு ஒப்புக்கொள்ளவில்லை. புதிய அட்டை எடுத்திருக்கலாமே என்பீர்கள். எடுக்கலாம்தான். ஒரு நாள் சம்பளத்தை இழந்து, படம் பிடித்து, தோட்டத்துக் காரியாலயத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் நடந்து எடுக்கலாம். அரசு செய்த பிழைக்கு அவர் நடக்க வேண்டும்.

அட்டை பேசியது எழுத்தால் மட்டுமல்ல. பல ஆண்டுகளாகச் சிங்களவர்களின் அட்டை சிங்களத்தில் மட்டும் இருந்தது, தமிழர்களின் அட்டை இரு மொழியிலும் இருந்தது. சோதனைச் சாவடியில் நின்ற சிப்பாய்க்குப் பெயரை வாசிக்கக்கூடத் தேவையில்லை, தமிழ் எழுத்து தென்பட்டாற் போதும். கிழக்கு முஸ்லிமின் அட்டையில் தமிழ் இருந்தது. கண்டிப் பக்கத்து முஸ்லிமின் அட்டையில் தாய்மொழியில் ஓர் எழுத்துக்கூட இருக்கவில்லை. ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு ஒரு மாதிரி, தம்பிக்கு ஒரு மாதிரி. 2014 இல்தான் எல்லோருக்கும் இரு மொழி என்று ஆயிற்று. எல்லோருக்கும் ஒரே மாதிரி ஆன அன்றே அந்த வித்தியாசத்தின் வாய் அடைந்தது.

இனி அந்தக் கனடிய நண்பரிடம் வருகிறேன். நல்ல எழுத்துத்தான் விழும் என்றார். 'வீ' வைத்திருந்த ஒவ்வொருவரும் இங்கே நினைத்தது அதுதான். அல்பேர்ட்டாவில் பிரஜைக்குத்தானே அடையாளம், மற்றவனுக்கு ஒன்றும் போடவில்லையே, அது எப்படிப் பாகுபாடு ஆகும் என்று கேட்டார். எல்லோர் வீட்டு வாசலிலும் விளக்கேற்றிவிட்டு ஒரு வீட்டை மட்டும் இருட்டாக விட்டால், எந்த வீடு என்று கேட்கத் தேவையா? வெறுமையும் ஓர் எழுத்துத்தான்.

கனடாவில் நிரந்தர வதிவிட உரிமையுள்ளவர் வேலை செய்யலாம், வரி கட்ட வேண்டும், வாகனம் ஓட்டலாம், வைத்தியம் பெறலாம். ஐந்து ஆண்டுகளில் 1,095 நாட்கள் அங்கே வாழ்ந்த பிறகுதான் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அதுவரை வாக்கு இல்லை, மற்றதெல்லாம் உண்டு. அந்த ஆண்டுகளில் அவர் அனுமதிப்பத்திரத்தை யார் யாரிடம் நீட்டுவார்? வீட்டை வாடகைக்கு விடுபவரிடம், வேலை தருபவரிடம், பார்சல் கொண்டுவருபவரிடம், வாகனம் வாடகைக்குத் தருபவரிடம், இரவில் வீதியோரம் நிறுத்திய பொலிஸாரிடம். இவர்களில் எவருக்கும் அவர் பிரஜையா என்று அறியும் தேவையில்லை. அறிந்தபின் ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று யார் உத்தரவாதம் தருவது? இன்னொன்று, அந்த எழுத்து எல்லோர் அட்டையிலும் அச்சாகும், ஆனால் எல்லோர் அட்டையிலும் தேடப்படாது. வெள்ளைக்காரரின் அட்டையில் அதைத் தேடிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றாது. நண்பரின் அட்டையில் தேடுவார்கள். பேர்த்தியின் அட்டையிலும் தேடுவார்கள், அவள் அங்கேயே பிறந்திருந்தாலும். நல்ல எழுத்தை வைத்திருப்பவர் அதைக் காட்டிக்கொண்டேயிருக்க வேண்டும் என்பதுதான் அந்த நன்மையின் விலை.

விண்ணப்பம் இலகுவாகும் என்ற வாதத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதற்காகக் கல்வி உதவிக்கு விண்ணப்பிக்கும் ஒரு நாளின் வசதிக்கு மற்ற 364 நாளும் நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிய வேண்டுமா? தேவையான இடத்தில் கடவுச்சீட்டைக் காட்டலாம், பிரஜாவுரிமைச் சான்றிதழைக் காட்டலாம். எப்போது, யாரிடம் காட்டுவது என்பது என் கையில் இருக்கும். அத்துடன் கனடாவில் பிரஜாவுரிமை வழங்குவது மத்திய அரசு. மாகாணம் வழங்குவது வாகனம் ஓட்டும் அனுமதி. தான் கொடுக்காத ஒன்றைத் தனது அட்டையில் மாகாணம் அச்சிடுவானேன்? அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலமும் இதையே செய்தது. 2023 இல் கையொப்பமான சட்டத்தின்படி அங்கே பிரஜையல்லாதவரின் அட்டையில் 'பிரஜையல்லாதவர்' என்றே குறிப்பிடுகிறார்கள். அல்பேர்ட்டாவின் மௌனத்தைவிட அது நேர்மையானது என்று சொல்லலாம், கொடுமை கூடியது என்றும் சொல்லலாம்.

இந்த இடத்தில் எமது கட்டுரையாளர்கள் வழக்கமாக ஹிட்லரிடம் போய்விடுவார்கள். 1938 இல் யூதர்களின் கடவுச்சீட்டில் குத்திய சிவப்பு எழுத்து, 1994 இல் ருவாண்டாவின் வீதித் தடைகளில் அடையாள அட்டையைப் பார்த்து டுட்சிகளைக் கொன்றது. இரண்டும் உண்மை. ஆனால் அல்பேர்ட்டாவை ருவாண்டா என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், நம்பவும் கூடாது. அங்கே நீதிமன்றம் இருக்கிறது, பத்திரிகை இருக்கிறது. எனது கவலை அடகுக் கருமபீடத்தின் அளவானது. கருமபீடத்தில் நடப்பதற்குக் கொலைகாரன் தேவையில்லை, சாதாரண மனிதன் போதும்.

எனினும் பர்மாவைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் அங்கே வேலை செய்தது வெறுப்பு மட்டுமல்ல, அலுவலகமும்தான். 1982 ஆம் ஆண்டுச் சட்டம் பிரஜைகளை மூன்று தரமாக்கியது. தரத்துக்கு ஒரு நிறத்தில் அட்டை: இளஞ்சிவப்பு, நீலம், பச்சை. ரோஹிங்யாக்களுக்கு இவற்றில் எதுவும் கிடைக்கவில்லை. தொண்ணூறுகளில் தற்காலிகம் என்று வெள்ளை அட்டை கொடுத்தார்கள். அந்த அட்டையோடு 2010 தேர்தலில் அவர்கள் வாக்களித்தார்கள். 2015 மார்ச் 31 உடன் வெள்ளை அட்டை காலாவதி என்று ஓர் அறிவித்தல் வந்தது. அவ்வாண்டு நவம்பர் தேர்தலில் அவர்களுக்கு வாக்கு இல்லை. 2017 ஓகஸ்டுக்குப் பின் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எல்லை தாண்டி ஓடினார்கள். அசாமில் 1997 முதல் வாக்காளர் பட்டியலில் சிலரது பெயருக்கு நேரே 'டி' என்று போட்டார்கள், சந்தேகத்துக்குரியவர் என்பதன் சுருக்கம். ஓர் எழுத்து, வாழ்நாள் முழுக்க வழக்கு. 2019 ஓகஸ்ட் 31 இல் வெளியான பிரஜைகள் பதிவேட்டில் 19 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெறவில்லை. எழுத்தைக் கொடுப்பவன் எழுத்தை மாற்றவும் முடியும் என்பதற்கு இவற்றைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

எமக்கு 'வீ' இருக்கிறது, நாம் பூர்வீகக் குடிகள் என்று மார்தட்டுவோர் நம்மிடையே நிறைய. ஆயிரம் ஆண்டு வரலாற்றை நிறுவும் கட்டுரைகள் இவ்விதழிலும் வந்திருக்கின்றன, அவற்றின் பெறுமதியை நான் மறுக்கவில்லை. ஆனால் 2014 இல் அளுத்கமையிலும் 2018 இல் திகனையிலும் 2019 இல் மினுவாங்கொடையிலும் கடைகளுக்குத் தீ வைத்தவர்கள் அட்டையைக் கேட்டு வைக்கவில்லை. 2020 இல் எமது மையித்துகளை எரித்தபோது, மரித்தவர்களின் அட்டை இலக்கத்தைப் படிவத்தில் கவனமாக எழுதிக்கொண்டார்கள், பலருக்கும் கடைசி எழுத்து 'வீ'. அது ஒருவரையும் காப்பாற்றவில்லை. 'எக்ஸ்' மட்டும் தவறாமல் தன் வேலையைச் செய்தது. காக்கும் சக்தியற்ற, காயப்படுத்த மட்டும் தெரிந்த ஒரு குறியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி எமது சபையிலேயே குரல் எழுகிறது.

அரசாங்கத்துக்கு யார் பிரஜை என்று தெரியக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தெரியத்தான் வேண்டும். ஆட்பதிவுத் திணைக்களத்தின் கோவையில் அது இருக்கட்டும். குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பதிவேட்டில் இருக்கட்டும். தேர்தல் ஆணைக்குழு கேட்டால் அவர்கள் பதில் சொல்லட்டும். ஒரு அலுவலகம் இன்னோர் அலுவலகத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதை, நான் கழுத்தில் கட்டிக்கொண்டு தெருவில் திரிய வேண்டியதில்லை. பழைய பாவத்தின் இலக்கம் மீண்டும் வருமோ என்ற பயம் வெறும் கற்பனையுமல்ல. இந்திய அரசின் உதவியோடு எமது நாட்டுக்கு ஒரு டிஜிட்டல் அடையாளத் திட்டம் பேசப்பட்டு வருகிறது. பேச்சு முழுவதும் தொழில்நுட்பம், கேள்விப்பத்திரம், எந்த நாட்டுக் கம்பனி என்பதைப் பற்றியே. அட்டையின் முகத்தில் என்னென்ன அச்சாகும், கருவியில் வைத்தால் வங்கி எழுதுவினைஞருக்கு எது தெரியும், மருந்தகத்துக்கு எது தெரியும், சோதனைச் சாவடிக்கு எது தெரியும் என்று கேட்பவரைக் காணோம். முன்பு எழுத்து கண்ணுக்குத் தெரிந்தது, கோபப்படவாவது முடிந்தது. சில்லுக்குள் ஒளிந்திருந்தால் "இந்தியாவா?" என்று கேட்கும் இளைஞன் எதைப் பார்த்துக் கேட்கிறான் என்பதுகூட எமக்குத் தெரியாது.

ஆகவே இரண்டு விடயங்களைக் கேட்டு ஒரு கடிதம் தயாரித்திருக்கிறேன். அட்டையின் முகத்திலோ இலக்கத்திலோ பிரஜாவுரிமை நிலையைக் காட்டும் எந்தக் குறியும் இருக்கக் கூடாது. சில்லில் இருப்பதாயின், எந்த அலுவலகம் எதை வாசிக்கலாம் என்பது வர்த்தமானியில் மூன்று மொழியிலும் வெளியிடப்பட வேண்டும். பழைய 'எக்ஸ்' அட்டையோடு இன்னும் இருக்கும் முதியவர்களுக்குக் கட்டணமின்றி, அவர்களது தோட்டத்துக்கே சென்று புதிய அட்டை வழங்க வேண்டும் என்பதையும் அடியில் சேர்த்திருக்கிறேன். கடிதத்தின் பிரதி இதழாசிரியரிடம் இருக்கிறது. கையொப்பமிட விரும்புவோர் பெயரையும் ஊரையும் எழுதினாற் போதும், அடையாள அட்டை இலக்கம் தேவையில்லை.